இருபத்தேழேகால் ராத்தல்

மீன் தராசுக் கொக்கியில் தொங்கியது. வாலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தராசின் முள் இருபத்தெட்டைத் தாண்டியது, இருபத்தாறுக்கு இறங்கியது, மறுபடி ஏறியது. அது நிற்கட்டும் என்று காத்திருந்தேன்.

ஆற்றுப் படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. எங்கள் துரை மேலே ஏறி வந்தார். இடுப்புவரை ஈரம். தோளில் தூண்டிற்கோல், இடுப்பில் காலிக் கூடை. முதலில் மீனைப் பார்த்தார். பிறகு, பக்கத்தில் கைலியைப் பிழிந்துகொண்டு நின்ற சமையற்காரர் மீரானைப் பார்த்தார். கடைசியாக, மேசையில் விரித்திருந்த புத்தகத்தையும் என் கையிலிருந்த பேனாவையும் பார்த்தார்.

"என் பெயரில் எழுது," என்றார்.

ஆங்கிலத்தில் சொன்னார். துரைகள் சொல்வதையெல்லாம் இந்தத் தொடரில் நான் தமிழாக்கித்தான் தருகிறேன்.

அவர் சொன்னபடி எழுதினால் எனக்கு வேலை இருக்கும், தோட்டத்தில் கொடுத்த வீடு இருக்கும், மறுநாள் விமானத்தில் திரும்ப ஓர் இடமும் இருக்கும். எழுதாவிட்டால் இந்த மூன்றும் இருக்காது. அதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே புரியும்படி பதிமூன்று வருடம் அவரிடம் வேலை பார்த்திருந்தேன்.

செருப்போடு நூற்றுப் பதினெட்டு

நான் அப்போது சிங்கப்பூருக்கு வடக்கே, ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கு எழுதுகிறவன். ரப்பர் விலை தரையில் விழுந்து, மெல்ல எழுந்து உட்கார்ந்திருந்த காலம். எனக்கு முப்பத்தாறு வயது. ஒரு மனைவி, இரண்டு பெண்கள், ஒரு குடை.

எங்கள் துரைக்குச் சிங்கப்பூரில் ஒரு சிநேகிதர் இருந்தார். அவரிடம் சொந்தமாக ஒரு சின்ன ஆகாய விமானம். அதில் சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு நீள மிதவைகள். தண்ணீரில் எழும்பும், தண்ணீரில் இறங்கும். இரண்டே பேர் உட்காரலாம், அதில் ஒருவர் ஓட்டுகிறவர். அவரை விமானத் துரை என்று வைத்துக்கொள்வோம்.

எண்டாவ் ஆற்றின் தலைப்பக்கம், ரோடு என்பதே இல்லாத காட்டில், விமானத் துரை ஒரு மரப் பங்களா கட்டியிருந்தார். ஆற்று முகத்திலிருந்து படகில் நீரோட்டத்துக்கு எதிராகப் போனால் ஐந்து பகல். மெர்சிங்கிலிருந்து விமானத்தில் போனால் முப்பத்தெட்டு நிமிடம். மீன் பிடிப்பதற்காகவே கட்டிய பங்களா அது. அவர்கள் ஊரில் குளிர்ந்த ஓடைகளில் ட்ரவுட் என்று ஒரு மீன் உண்டாம். இறகையும் நூலையும் கொண்டு பொய்ப் பூச்சி கட்டி, அதைத் தண்ணீர்மேல் ஆட்டிக் காட்டிப் பிடிப்பார்களாம். இங்கே ட்ரவுட் இல்லை. அதற்குப் பதிலாக அவர்கள் கண்டுபிடித்துக்கொண்டது கெலா. பாறையும் நீரோட்டமும் உள்ள இடத்தில் வாழ்கிற மீன். தேன் நிறம். செதில் ஒவ்வொன்றும் என் பெருவிரல் நகத்தைவிடப் பெரிது.

அந்தப் பங்களாவில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வருடத்தில் யார் பிடித்த மீன் பெரிதோ, அந்த மீனின் அளவில் மரத்தில் ஒரு மீன் செதுக்கி, பிடித்தவர் பெயரைத் தங்க நிறத்தில் எழுதி, சிங்கப்பூரில் அவர்களுடைய கிளப் சுவரில் மாட்டுவார்கள். அதற்கு மூன்று நிபந்தனை. கோலில் பிடிக்க வேண்டும். பொய்ப் பூச்சியோ, மீன் போல மினுங்குகிற தகரக் கரண்டியோதான் இரை. எடையைப் பந்தயத்தில் இல்லாத ஒருவர் பார்த்துப் புத்தகத்தில் எழுத வேண்டும்.

அந்த ஒருவனாகத்தான் நான் போனேன். எங்கள் துரை நான்கு வருடமாக முயன்று நான்கு வருடமும் தோற்றவர். போன தடவை எடையில் ஏதோ சந்தேகம் கிளம்பியதாம். "என் கிராணி எடையில் பொய் எழுதமாட்டான்" என்று கிளப்பிலேயே சொல்லிவிட்டு வந்து, என்னைக் கூப்பிட்டார். நானும் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன். அன்று இரண்டு தடவை என் மனைவியிடம் சொன்னேன்.

மெர்சிங் துறையில் என்னைத் தராசில் நிற்க வைத்தார்கள். தினமும் ஊரார் எடுத்த ரப்பர் பாலை நிறுக்கிறவனை நிறுத்தார்கள். செருப்போடு நூற்றுப் பதினெட்டு ராத்தல். குடையைக் கீழே வைக்கச் சொன்னார்கள். ஒன்றரை ராத்தல் குடை அந்த விமானத்தை என்ன செய்துவிடும் என்று கேட்டேன். விமானத் துரை சிரித்தார். குடை மெர்சிங்கிலேயே நின்றுவிட்டது. அதை நான் பிறகு பார்க்கவே இல்லை.

முன் இருக்கைக்குக் கூரை கிடையாது. தலைக்கு ஒரு தோல் தொப்பி தந்தார்கள். அதில் யாருடைய தலை எண்ணெயோ வாடை அடித்தது. கீழே காடு, கீரைக்கட்டுகளை அடுக்கி முடிவில்லாமல் பரப்பியது போல் கிடந்தது. ஆற்றின் வளைவுகளை எண்ணினேன். நாற்பத்தொன்றில் ஒரு மேகம் வந்து கணக்கைக் கெடுத்தது. பயந்தீர்களா என்று கேட்பார்கள். பயந்தேன். பயத்தோடும் எண்ண முடியும்.

பானை தேய்க்கிற கல்

பங்களாவில் எங்களுக்கு முன்பே வந்து அடுப்பு மூட்டியிருந்தவர் மீரான். கீழக்கரைக்காரர். குளுவாங் ரயிலடிக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, எங்கள் துரைக்குச் சமைக்க வந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆகவே எனக்கு நானா, அதாவது அண்ணன். அரிசி மூட்டையோடு லெமான் என்ற ஜக்குன் பழங்குடிப் படகுக்காரருடன் அந்த ஐந்து பகல் வழியில் ஏறி வந்திருந்தார்.

"நீங்க பறந்து வந்தீங்க கிராணியாரே. நாங்க தேய்ஞ்சு வந்தோம்," என்று உள்ளங்கையைக் காட்டினார். எட்டுக் கொப்புளம்.

ஆறு நாள் தங்குவதாக ஏற்பாடு. துரையின் தகரப்பெட்டியில் எழுபத்திரண்டு பொய்ப் பூச்சிகள் இருந்தன. மஞ்சள், சிவப்பு, மயில் கழுத்து நிறம். காலையில் போவார், மத்தியானம் வருவார், மறுபடி போவார். நான்கு நாளில் மூன்று மீன். பெரியது பதினோரு ராத்தல். அந்த வருடம் அதுவரை கிளப்பில் முதலாக நின்றது பத்தொன்பதரை. ஒவ்வொரு மத்தியானமும் துரையின் முகம் ஒரு சுற்றுச் சிவந்துகொண்டே போனது.

மீரானுக்கு இதிலெல்லாம் ஆர்வமில்லை. காலைச் சாப்பாடு முடிந்ததும் ஆற்றோரம் ஒரு தட்டைக் கல்லில் உட்கார்ந்து, சாம்பலும் மணலும் போட்டுச் சோற்றுப் பானையைத் தேய்ப்பார். அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டித் தண்ணீரில் எறிவார். முதல் நாள் பொடி மீன்கள் வந்தன. இரண்டாம் நாள் கையளவு மீன்கள். நான்காம் நாள் காலை, நான் வேப்பங்குச்சி இல்லாத ஊரில் விரலால் பல் தேய்த்துக்கொண்டு நின்றபோது, மீரான் தலையைத் திருப்பாமல் சொன்னார்:

"அங்க பாருங்க. பெரியவர் வந்திருக்கார்."

கல்லுக்குக் கீழே, பழுப்புத் தண்ணீரில், என் முழுக் கை நீளத்துக்கு ஒரு நிழல் நின்றது.

"பானை சுரண்டுற சத்தத்துக்கு வராரு. சத்தம் நின்னா போயிடுவாரு," என்றார் மீரான். பானையை நிறுத்தினார். நிழல் போனது. மறுபடி சுரண்டினார். வந்தது.

"துரைகிட்ட சொல்லலாமா நானா?"

"சொன்னேனே. 'பானை கழுவுற இடத்துல ஜென்டில்மேன் மீன் பிடிக்க மாட்டான்'னாரு. நமக்கென்ன லா."

ஐந்தாம் நாள் விடிந்ததும் துரை ஆற்றின் மேல்பக்கம் போய்விட்டார். விமானத் துரை பனிக்கட்டியும் பெட்ரோலும் எடுத்துவர மெர்சிங்குக்குப் பறந்துவிட்டார். மீரான் தன் பெட்டியிலிருந்து ஒரு கைத்தூண்டிக் கயிற்றை எடுத்தார். ஊரில் கடலில் போட்ட தூண்டியாம். அடிச்சோற்றைப் பிசைந்து எலுமிச்சையளவு உருட்டி முள்ளில் குத்தினார்.

"பானையை நீங்க சுரண்டுங்க கிராணியாரே."

பதிமூன்று வருடக் கிராணி உத்தியோகத்தில் நான் பானை சுரண்டியது அன்று மட்டும்தான். பத்து எண்ணுவதற்குள் கயிறு விர்ரென்று ஓடியது. மீரான் கல்லில் வழுக்கி இடுப்பளவுத் தண்ணீரில் விழுந்தார். கயிற்றை விடவில்லை. நான் பின்னாலிருந்து அவர் இடுப்பைப் பிடித்தேன்.

"கைலியைப் பிடிக்காதீங்க, அவிழுது. என்னைப் பிடிங்க."

"எங்கே பிடிக்கிறது நானா?"

"எங்கயாச்சும் பிடிங்களேன். ஒரு மனுசனைப் பிடிக்கத் தெரியாதா உங்களுக்கு?"

மீன் இழுக்கும்போது விட்டார், களைத்தபோது இழுத்தார். இருபத்திரண்டு நிமிடம். லெமான் ஓடிவந்து கூடையை மீனுக்கு அடியில் கொடுத்து மேலே தூக்கினார். மூன்று பேரும் மீனைச் சுற்றி உட்கார்ந்தோம். லெமான் அதன் வயிற்றைத் தடவி, "பெசார் லா," என்றார். பெரிதுதான் என்று அர்த்தம். மீரான் சிறுபிள்ளை போலச் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்கு முன்னும் பின்னும் அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

தூக்கிக்கொண்டு போய்த் தராசில் மாட்டினோம். சும்மாதான். எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள. துரை அவ்வளவு சீக்கிரம் திரும்புவார் என்று நாங்கள் நினைக்கவில்லை.

அங்கம்மாளின் வாளி

முள் ஆடிக்கொண்டிருக்கட்டும். இங்கே நான் பதிமூன்று வருடம் பின்னால் போக வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏதோ பிறவியிலேயே நேர்மையானவன் என்று நினைத்துவிடுவீர்கள். அந்தப் பொய்யையும் நான் எழுதமாட்டேன்.

தோட்டத்தில் நான் சேர்ந்த முதல் வருடம். மத்தியானத்தில் பால் மரத்துத் தொழிலாளிகள் வாளிகளோடு எடைக் கொட்டகையில் வரிசையாக நிற்பார்கள். நான் எடை பார்த்துப் பெயருக்கு நேரே எழுதுவேன். ஒரு கங்காணி இருந்தார். தன் மச்சான் பெண்சாதியின் பெயரில் தினமும் இரண்டு மூன்று ராத்தல் கூட்டி எழுதச் சொன்னார். கூட்டுவதென்றால் ஆகாயத்திலிருந்தா வரும்? இன்னொருத்தியின் எடையில் குறைக்க வேண்டும். புது ஆள் நான், பயந்த ஆள். இரண்டு நாள் எழுதினேன்.

மூன்றாம் நாள் அங்கம்மாள் வாளியைத் தராசில் வைத்துவிட்டு நகராமல் நின்றாள். முப்பது வயதிருக்கும். முழங்கைவரை பால் காய்ந்து வெள்ளையாகப் பொருக்கு விட்டிருந்தது.

"படிங்க கிராணியாரே," என்றாள்.

"எழுதியாச்சு. போ."

"எழுதுனது எனக்குத் தெரியாது. நான் படிக்காதவ. எம் பேரையும் எடையையும் சத்தமா படிங்க. பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கணும்."

அவளுக்குப் பின்னால் அறுபது எழுபது பேர். கங்காணி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். நான் படித்தேன். தராசு காட்டியதைப் படித்தேன், படித்ததையே எழுதினேன். அவள் வாளியைப் பால் தொட்டியில் கவிழ்த்துவிட்டுப் போனாள். அடுத்து நின்றவரும் "எனக்கும் படிங்க" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் கொட்டகையில் அது வழக்கமானது. முதலில் பெயர், பிறகு எடை, சத்தமாக. காதில் விழுந்த எடையைப் புத்தகத்தில் மாற்ற முடியாது. எழுபது பேர் சாட்சி. கங்காணி என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். துரை அதைப் பார்த்துவிட்டு, நல்ல ஏற்பாடு என்று பக்கத்துத் தோட்டங்களிலும் சொன்னார். அதே துரைதான்.

முள் நின்றது

"என் பெயரில் எழுது."

நான் முள்ளைப் பார்த்தேன். இருபத்தேழுக்கும் இருபத்தேழரைக்கும் நடுவில் நின்றிருந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"மீரான். இருபத்தேழேகால்."

கொட்டகையில் படிப்பது போலவே படித்தேன். அந்தக் காட்டில் கேட்க இருந்தவர்கள் மூன்று பேர். அதிலும் லெமானுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் குரலைக் குறைக்கவில்லை.

துரை கோலைச் சுவரில் சாய்த்தார். கோபப்படவில்லை. பக்கத்தில் வந்து, கணக்கு சொல்லிக்கொடுக்கிறவரைப் போலப் பேசினார்.

"கிராணி, இந்த மீன் சட்டப்படி யாருடையதும் இல்லை. கைக்கயிற்றில் வந்தது. சோற்றில் வந்தது. சமையற்காரன் பெயர் இந்தப் புத்தகத்தில் ஏற முடியாது. ஆக, ஒரு பெரிய மீன் வீணாகிறது. என் பெயர் போட்டால் யாருக்கு நஷ்டம்?"

"பிடித்தவருக்கு, ஐயா."

அவர் மீரானிடம் திரும்பி, தோட்டத்துத் தமிழில் கேட்டார்: "மீரான், உனக்கு என்னா நஷ்டம்?"

மீரான் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒண்ணுமில்ல துரை. எழுதிட்டுப் போங்க கிராணியாரே. மீன்ல என்ன பேரா எழுதியிருக்கு? நாளைக்கு எல்லாரும் வீடு போய்ச் சேரணும்."

இதுதான் எனக்கு மிகவும் வலித்த இடம். துரையை எதிர்ப்பது ஒரு மாதிரி. யாருக்காக எதிர்க்கிறேனோ அவரே வேண்டாம் என்கிறபோது, நிற்கிற கல் வழுக்குகிறது. ஆனால் கால் மணி நேரத்துக்கு முன் அவர் சிரித்ததை நான் பார்த்திருந்தேன்.

உட்கார்ந்தேன். பேனாவைத் திறந்தேன். நாற்பத்தேழாம் பக்கம், பக்க எண்களை வந்த அன்றே நான்தான் போட்டிருந்தேன். எழுதினேன்: பிடித்தவர் மீரான், சமையற்காரர். கைத்தூண்டி. இரை, அடிப்பிடித்த சோறு. கெலா ஒன்று. இருபத்தேழேகால் ராத்தல். கீழே என் கையெழுத்து.

பந்தயத்தில் சேராது என்றால் சேர்க்காதீர்கள். அதையும் பக்கத்தில் ஒரு குறிப்பாக எழுதினேன். நடந்தது நடந்ததுதான்.

மத்தியானம் விமானத் துரை பனிக்கட்டியோடு வந்திறங்கினார். எங்கள் துரை அவரை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் ஏதோ பேசினார். இரண்டு பேரும் சிரிப்பது கேட்டது. விமானத் துரை உள்ளே வந்து பக்கத்தைப் படித்தார், முழுவதும் படித்தார். "அழகான கையெழுத்து," என்றார். பிறகு அந்தப் பக்கத்தைத் தையலோரமாக, நிதானமாகக் கிழித்து, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நாற்பத்தெட்டாம் பக்கத்தைத் திறந்து என் முன்னால் தள்ளினார்.

"புதுப் பக்கம்," என்றார்.

நான் பேனாவை மூடினேன்.

நூற்றிருபத்தொன்று

ஆறாம் நாள் காலை, துரை என்னை ஆற்றங்கரைக்குக் கூப்பிட்டார். பெட்ரோல் இரண்டு நடைக்குத்தான் இருந்தது. முதல் நடையில் அவர். இரண்டாவது நடை என்னுடையது.

"நாற்பத்தெட்டில் எழுதினால், மீனைச் சாக்கில் சுற்றி உன் காலடியில் வைத்துக்கொண்டு வரலாம். இல்லாவிட்டால் மீன் பனிக்கட்டிப் பெட்டியில் போகும். பெட்டிக்குத்தான் அந்த இருக்கை. நீ படகில் வா. தோட்டத்துக்கு வந்து சேரும்போது உன் வீடு இன்னொரு கிராணிக்குக் கொடுக்கப்பட்டிருக்கும்."

"படகில் வருகிறேன், ஐயா."

"யோசித்துச் சொல்."

"யோசித்துவிட்டேன். ராத்தல் ராத்தலாக யோசித்துவிட்டேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. என் வாயே யாருடையதோ போல் இருந்தது.

"அப்படியானால் பெட்டியை நிறு," என்றார்.

என் இடத்தில் போகப்போகிற பெட்டியை என்னையே நிறுக்கச் சொன்னார். அவமானப்படுத்தத்தான். நான் மீரானையும் லெமானையும் கூப்பிட்டுப் பெட்டியைத் தராசில் மாட்டினேன். பனிக்கட்டி, பலகை, மீன் எல்லாம் சேர்த்து முள் நின்றது.

"நூற்றிருபத்தொன்று," என்று சத்தமாகப் படித்தேன். "என்னைவிட மூன்று ராத்தல் அதிகம். விமானத்துக்குச் சம்மதமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்."

துரையை மெர்சிங்கில் விட்டுவிட்டு விமானம் திரும்பியதும், இரண்டாவது நடையில் பெட்டி முன் இருக்கையில் ஏறியது. இருக்கை வாரைப் போட்டுக் கட்டினார்கள். எனக்குக் கொடுத்த அதே தோல் தொப்பியைக் காற்றில் பறக்காதிருக்கப் பெட்டிமேல் செருகினார்கள். பார்க்க, யாரோ ஒரு கனவான் உட்கார்ந்து போவது போலவே இருந்தது. மீரான் அதைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மூன்று பகல்

இறங்குமுகம் என்பதால் ஐந்து பகல் மூன்றாகக் குறைந்தது. முதல் பகல் முழுவதும் மீரான் என்னைத் திட்டினார்.

"யாரு கேட்டா உங்களை? நான் கேட்டேனா, என் பேர எழுதுங்கன்னு? ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க இருக்கு உங்களுக்கு. அதுங்களுக்கு நீங்க எழுதுன பேரை வறுத்துப் போடுவீங்களா?"

"துடுப்பைப் போடுங்கள் நானா."

"போட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். உங்க நியாயத்துக்கும் சேத்து நான்தான் துடுப்பு போடுறேன். நீங்க சும்மா உக்காந்து எண்ணிக்கிட்டிருக்கீங்க."

உண்மைதான். பாறைச் சரிவுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழு. ஒன்பதில் இறங்கிப் படகைத் தூக்க வேண்டியிருந்தது. இரண்டாம் பகல் திட்டு குறைந்தது. மூன்றாம் பகல் அவர், அந்த மீன் முதலில் இடப்பக்கம் ஓடியதா வலப்பக்கமா என்று கேட்டார். வலம் என்றேன். இடம் என்றார். அரை நாள் அதில் போனது.

வேலை போனது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அனுதாபத்துக்காகக் கடைசிவரை இழுக்கமாட்டேன். நான் போய்ச் சேர்ந்தபோது சாமான்கள் வாசலுக்கு வந்திருந்தன. என் மனைவி டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"எழுதியிருந்தா, வந்து எங்கிட்ட சொல்லியிருப்பீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். "மாட்டேன்."

"அப்ப சரி. பெட்டியோட அந்தப் பக்கத்தைத் தூக்குங்க."

எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தேன். பிறகு பொந்தியானில் ஒரு கொப்பரைக் கிட்டங்கியில் எடை பார்க்கச் சேர்ந்தேன். மரமீன் ஒன்று கிளப் சுவரில் ஏறியது என்று கேள்விப்பட்டேன். யுத்தத்தில் அந்தச் சுவரே போனதென்றும் கேள்விப்பட்டேன். நாற்பத்தெட்டாம் பக்கத்தில் யார் எழுதினார்களோ தெரியாது. என் கையெழுத்தில் இல்லை.

ஒரு மீனுக்கா இத்தனை என்று கேட்கிற வாசகர்கள் இருப்பார்கள். போன முப்பது வருடத்தில் என் சொந்த மருமகனே நான்கு தடவை கேட்டிருக்கிறார். ஆமாம், ஒரு மீனுக்குத்தான். பெரிய விஷயம் வரும்போது நேராக நிற்கலாம் என்று காத்திருந்தவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களுக்குப் பெரிய விஷயம் வரவே இல்லை.

ஆற்றில் விட்ட இடத்துக்குத் திரும்புகிறேன். மூன்றாம் பகல் பிற்பகலில், ஆற்று முகத்தில், எண்டாவ் கடைத்தெருவில் கரையேறினோம். லெமான் படகைக் கட்டினார். மீரானின் ஊர்ப்பக்கத்து ஆள் ஒருவர் அங்கே கோப்பிக் கடை வைத்திருந்தார். ரோடு போடுகிற தமிழ்த் தொழிலாளிகள் ஐந்தாறு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் கோலத்தைப் பார்த்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்கள்.

மீரான் கோப்பியை ஒரு மிடறு குடித்தார். சொல்லத் தொடங்கினார். பானை, கல், நிழல், கயிறு எல்லாம் வந்தன. மீன் இடப்பக்கம் ஓடியது. நான் கைலியைப் பிடித்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். துரையின் பெயரை அவர் சொல்லவே இல்லை. மூன்று பகலாக "யாரு கேட்டா" என்றவர், அந்தப் பெஞ்சில் கையை அகல விரித்து, தன் மீனை இவ்வளவு நீளம் என்று காட்டிக்கொண்டிருந்தார்.

"எடை எவ்ளோ இருக்கும் நானா?" என்று ஒருவர் கேட்டார்.

"நாப்பது ராத்தல்," என்றார் மீரான்.

"இருபத்தேழேகால்," என்றேன்.

கடை முழுவதும் என் பக்கம் திரும்பியது. மீரான் கிளாசைக் கீழே வைத்தார்.

"கிராணியாரே, வேலை போச்சு. வீடு போச்சு. குடையும் போச்சு. இங்க நம்ம ஆளுங்கதான் இருக்காங்க. ஒரு பதிமூணு ராத்தல் கூட்டிச் சொன்னா உங்களுக்கு என்ன போகுது?"

"பன்னிரண்டே முக்கால்," என்றேன்.

பெஞ்சில் யாரோ கோப்பியைத் துப்பிவிட்டுச் சிரித்தார்கள். மீரான் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார். கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். கடைக்காரருக்கும், ரோட்டுத் தொழிலாளிகளுக்கும், வாசலில் படகுக்கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த லெமானுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"இருபத்தேழேகால் ராத்தல். நான் பிடிச்சேன்."